ஃபார்மட் அடிக்காதீர்கள்

“ஃபார்மட் அடிச்சிட்டா சரியாப்பூடும்ணா.”

கணினி கெட்டுப்போய் கடைக்குத் தூக்கிக்கொண்டு போன எவரும் இந்த வாக்கியத்தைக் கேட்டிருப்பீர்கள். அதில் பொய் எதுவும் இல்லை. ஃபார்மட் அடித்தால் நிஜமாகவே சரியாகிவிடும். வீட்டைக் கொளுத்தினால் எலித் தொல்லை தீர்வது மாதிரி. நான் சண்டை போட வந்திருப்பது இந்த வாக்கியத்தோடுதான். சொல்லும் கடைக்காரரோடு அவ்வளவாக இல்லை. அவரை அந்த வாக்கியத்தைத் தவிர வேறு எதையும் சொல்லத் தெரியாதவராக வைத்திருக்கிறோமே, அந்த ஏற்பாட்டோடு.

அவலூர்பேட்டையில் என் சித்தப்பா மகள் ப்ளஸ் டூ படித்தபோது, 2013இல், அரசு மடிக்கணினி வந்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டம். பத்து வருடங்களுக்குள் ஐம்பது லட்சம் அளவில் கொடுத்தார்கள். எங்கள் தெருவில் மட்டும் நான்கு வீடுகளில் அந்தப் பெட்டி இருந்தது. உள்ளே இரண்டு இயங்குதளங்கள்: விண்டோஸ் ஒன்று, பாஸ் லினக்ஸ் ஒன்று. பொத்தானை அமுக்கினால் எது வேண்டும் என்று கேட்கும் ஒரு கறுப்புப் பட்டியல் வரும். யாரும் இரண்டாவதைத் தொட்டதில்லை. பள்ளியில் யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

2017இல் அவளுக்கு இடம் பற்றாமல் போயிற்று. கூடப் படித்த பையன் ஒருவன் விண்டோஸுக்குள் போய்ப் பார்த்து, பெயரில்லாமல் சும்மா கிடந்த ஒரு பகுதியை அழித்துவிட்டு, “இப்ப டி டிரைவ் பெருசாய்டுச்சு பாரு” என்றிருக்கிறான். மறுநாள் பெட்டியைத் திறந்தால் கறுப்புத் திரையில் இரண்டே வரிகள். அப்படி ஒரு பகுதியே இல்லை என்று ஒன்று. க்ரப் ரெஸ்கியூ என்று இன்னொன்று. சித்தி அதைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி, ஒரு கடைக்குக் கொண்டு போனார். முந்நூறு ரூபாய். ஃபார்மட். போனவை: தேர்வாணையப் பரீட்சைக்காக மூன்று வருடம் தட்டச்சு செய்த குறிப்புகள், அப்புறம் மேல்மலையனூர் அமாவாசைக்குப் போனபோது எடுத்த சித்தப்பாவின் படங்கள். சித்தப்பா அதற்கு முந்தைய வருடம் தவறிவிட்டிருந்தார். போனில் எடுத்திருந்த படங்கள்தான், இடம் வேண்டுமென்று மடிக்கணினிக்கு மாற்றிவிட்டுப் போனில் அழித்திருந்தார்கள்.

நான் சென்னையில் வழங்கிகளைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். விஷயம் எனக்குத் தெரிய வந்தது இரண்டு வாரம் கழித்து. “ஏன்மா எனக்கு ஒரு போன் அடிக்கல?” என்று கேட்டேன். “ரிப்பேர்தானேணா, ஒனக்கு எதுக்குத் தொந்தரவுன்னு நெனச்சேன்” என்றாள்.

உள்ளே நடந்தது என்ன என்று சொல்கிறேன். கொஞ்சம் பொறுமை வேண்டும். அந்தக் கால மடிக்கணினிகளில் வட்டின் முதல் ஓரத்தில் மிகச் சிறிய இடம் ஒன்று உண்டு. பெட்டிக்கு உயிர் வந்ததும் அங்கே எழுதியிருப்பதைத்தான் முதலில் படிக்கும். இரண்டு இயங்குதளம் வேண்டுமென்றால் அந்த இடத்தில் க்ரப் என்ற நிரல் உட்காரும். ஆனால் முழு க்ரப்பும் அங்கே அடங்காது. தலை மட்டும் அங்கே இருக்கும், உடம்பு லினக்ஸ் பகுதிக்குள் இருக்கும். அந்தப் பையன் அழித்த ‘சும்மா கிடந்த பகுதி’ அந்த உடம்பு. தலை விழித்துப் பார்த்தது, உடம்பைக் காணோம், நின்றுவிட்டது. அவ்வளவுதான் கோளாறு.

அதாவது, விண்டோஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. குறிப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சித்தப்பாவின் படங்கள் இருந்த இடத்திலேயே பத்திரமாக இருந்தன. விண்டோஸ் நிறுவும் வட்டைப் போட்டு, பழுதுநீக்கும் பகுதிக்குப் போய், பூட்ரெக் என்ற கட்டளையை ஒரு தடவை ஓட்டினால் வட்டின் ஓரத்தில் உள்ள தலை மாற்றி எழுதப்படும். டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. அதுவும் தெரியாவிட்டால் போகட்டும். ஒரு லினக்ஸ் பென் டிரைவைச் செருகித் திறந்து, கோப்புகளை வேறொன்றில் பிரதி எடுத்துக்கொண்டு, அதன் பிறகு ஃபார்மட் அடித்திருக்கலாம். பழுது எதையும் அழிக்கவில்லை. அழித்தது பழுதுபார்ப்பு.

இதைச் சொன்னால் நண்பர்கள் கடைக்காரரைத் திட்டுவார்கள். அவருக்கு ஒரு நாளைக்கு எட்டு பெட்டி வரும். ஒவ்வொன்றிலும் என்ன கோளாறு என்று உட்கார்ந்து பார்த்தால் முந்நூறு ரூபாய்க்குக் கட்டுப்படியாகாது. அவர் யாரிடம் கற்றார்? இன்னொரு கடையில். அந்தக் கடைக்காரர்? அவரும் அப்படித்தான். அந்தச் சங்கிலியில் எங்கேயும் ஒரு பள்ளிக்கூடமோ, ஒரு கையேடோ, அந்தப் பெட்டியைக் கொடுத்த அரசோ வந்து நிற்கவில்லை.

பாஸ் லினக்ஸ் நம் ஊர்ச் சரக்கு என்று சொல்லப்பட்டது. பாரத் இயங்குதளத் தீர்வுகள் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவில் உருவாகி 2007 ஜனவரியில் வெளிவந்தது. அடித்தளம் டெபியன். இதில் கேலி செய்ய எதுவுமில்லை. உபுண்டுவும் டெபியன் மேல் கட்டியதுதான். கட்டற்ற மென்பொருளின் அழகே அப்படி எடுத்துக் கட்டலாம் என்பது. 2014இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியபோது தமிழக அரசு தன் துறைகளை பாஸுக்கு மாறச் சொல்லி ஆணையே போட்டது. 2023 ஜனவரியில் சென்னை ஐஐடியிலிருந்து பார்ஓஎஸ் என்று கைப்பேசிக்கு ஒன்று, ஆண்ட்ராய்டின் திறந்த மூலத்தின் மேல் கட்டியது. மத்திய அமைச்சர்கள் கையில் வைத்துப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சகம் மாயா என்று உபுண்டுவின் மேல் கட்டிய ஒன்றுக்கு மாறுவதாகச் செய்தி வந்தது. ஒவ்வொரு தடவையும் தலைப்பு ஒன்றுதான்: சொந்த இயங்குதளம்.

சொந்தம் என்றால் என்ன? எங்கள் ஊர்ப் பக்கம் ஒருவர் “அது எங்க சொந்த மோட்டார்” என்றால், ராத்திரி பதினொரு மணிக்கு மூன்று ஃபேஸ் கரண்ட் வரும்போது மோட்டார் ஓடாவிட்டால், டார்ச் எடுத்துக்கொண்டு போய் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து எது போயிருக்கிறது என்று பார்க்கத் தெரியும் என்று அர்த்தம். காயில் கட்டத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் காயில் கருகியிருக்கிறதா இல்லை ஃபியூஸ் மட்டும்தானா என்று தெரியும். மோட்டார் ஓடவில்லை என்று கிணற்றை மூடிவிட்டு வேறு கிணறு வெட்டுபவர் யாரும் இல்லை. கணினி விஷயத்தில் மட்டும் நாம் கிணற்றை மூடிக்கொண்டே இருக்கிறோம், அதற்கு ரிப்பேர் என்று பெயரும் வைத்திருக்கிறோம்.

அந்தப் படங்கள் போன கோபத்தில், அடுத்த பொங்கல் விடுமுறையில் நான் ஒரு வேலை செய்தேன். லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச் என்று ஒரு புத்தகம். ஜெரார்ட் பீக்மன்ஸ் 1999இல் தொடங்கியது, இலவசமாகக் கிடைக்கும். அதில் எந்த இயங்குதளமும் வராது. மூல நிரல்களை ஒவ்வொன்றாக இறக்கி, நீங்களே தொகுத்து, உங்கள் கையால் ஒரு இயங்குதளத்தைக் கட்டும் வழி மட்டும்தான் இருக்கும். பல வருடம் சம்பளத்துக்கு லினக்ஸ் பார்த்தவன் நான். ஆனால் எனக்கே அடிமட்டம் தெரியாது என்பது உள்ளூர உறுத்திக்கொண்டிருந்தது. அலுவலகத்தில் வழங்கி எழாவிட்டால் நாங்களும் என்ன செய்வோம்? அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை எழுப்புவோம். கொஞ்சம் நாகரிகமான பெயர் உண்டு அதற்கு. செய்வது ஃபார்மட்தான்.

அவலூர்பேட்டை வீட்டுத் திண்ணையில் ஒரு பழைய மடிக்கணினியில் ஆரம்பித்தேன். ஜிசிசி தொகுப்பியைத் தொகுக்கும்போது இரண்டு தடவை கரண்ட் போனது. பேட்டரி செத்த பெட்டி. மறுபடி முதலிலிருந்து. சித்தி, “என்னாப்பா அது, நாலு நாளா எழுத்து ஓடிக்கினே கீது” என்றார். ஐந்தாம் நாள் எல்லாம் முடிந்து, மறுதொடக்கம் கொடுத்தேன். கெர்னல் பேனிக். ரூட் கோப்பு முறைமையை ஏற்ற முடியவில்லை, தெரியாத சாதனம், அடைப்புக்குறிக்குள் 0,0.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் இந்த வரி அச்சுறுத்துவதற்காக எழுதப்பட்ட வரி கிடையாது. தகவல் சொல்லும் வரி. 0,0 என்றால் கெர்னலுக்கு அந்த வட்டே தென்படவில்லை என்று பொருள்: வட்டின் கட்டுப்பாட்டுச் சில்லுக்கான இயக்கியைச் சேர்க்காமல் கெர்னலைத் தொகுத்துவிட்டேன், அல்லது க்ரப்பில் வட்டின் பெயரைத் தப்பாக எழுதிவிட்டேன். அதே இடத்தில் 8,2 என்று வந்தால் வட்டு தெரிகிறது, இரண்டாம் பகுதியும் தெரிகிறது, அதில் எழுதியிருக்கும் முறையைப் படிக்கத்தான் தெரியவில்லை என்று பொருள். இரண்டு எண்களில் பாதி நோய் தெரிந்துவிடுகிறது. பத்து வருடம் இந்தத் துறையில் இருந்தும் இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

இயக்கியைச் சேர்த்துத் தொகுத்தேன். 0,0 போய் 8,2 வந்தது. இப்போது கோளாறு இது: ஈஎக்ஸ்டி4 படிக்கும் திறனைக் கெர்னலுக்குள் வைக்காமல் தனித் துண்டாக வைத்துவிட்டேன். அந்தத் துண்டு எங்கே இருக்கிறது? ஈஎக்ஸ்டி4 வட்டுக்குள். பெட்டியைப் பூட்டிச் சாவியை உள்ளேயே போட்ட கதை. கெர்னலுக்குள்ளேயே சேர்த்துத் தொகுத்ததும் திரை முழுக்க எழுத்துகள் ஓடி, கடைசியில் லாகின் என்று நின்றது. சித்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “இவ்ளோதானா?” என்றார்.

அவ்வளவுகூட இல்லை. ரூட் என்று அடித்தேன், கடவுச்சொல் அடித்தேன், தவறு என்றது. எதை அடித்தாலும் தவறு. கடவுச்சொல் வைக்கும் ஒரு வரியை, கரண்ட் போன களேபரத்தில், விட்டுவிட்டிருந்தேன். கடவுச்சொற்கள் இருக்கும் ஷேடோ கோப்பில் ரூட்டுக்கு நேரே வெறும் எக்ஸ் ஒன்று மட்டும் உட்கார்ந்திருந்தது. அதற்குப் பொருந்தும் கடவுச்சொல் உலகத்தில் எதுவும் கிடையாது. ஐந்து நாள் உழைத்துக் கட்டிய வீட்டுக்குள் எனக்கே அனுமதி இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ராத்திரி என் கையும் பென் டிரைவைத் தேடியது, எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஆரம்பிக்கலாம் என்று. சித்தப்பா படங்கள் ஞாபகத்துக்கு வந்திராவிட்டால் செய்திருப்பேன்.

தீர்வு ஒரு வரி. க்ரப் பட்டியலில் ஈ விசையை அமுக்கி, கெர்னல் வரியின் கடைசியில், முதலில் எழ வேண்டிய நிரலாக பேஷ் ஓட்டை வைக்கச் சொல்ல வேண்டும். லாகின் கேட்கும் நிரல் எழவே எழாது, நேராக ரூட் கையில் கட்டளைத் திரை. வட்டை எழுதக்கூடியதாக மறுபடி ஏற்றி, கடவுச்சொல் கட்டளையைக் கொடுத்து, அணைத்துப் போட்டால் முடிந்தது. இது திருட்டு வழி இல்லை. எல்லா லினக்ஸ் பெட்டியிலும் இருக்கும் கொல்லைப்புறக் கதவு. பெட்டி ஒருவர் கையில் இருந்தால் லாகின் கடவுச்சொல் அவரைத் தடுக்காது, வட்டையே மறைகுறியாக்கினால்தான் தடுக்கும். தன் மடிக்கணினியில் கடவுச்சொல் இருப்பதால் படங்கள் பத்திரம் என்று நம்பும் பெண் பிள்ளைகளுக்கு இதை யாராவது சொல்லியிருக்கிறோமா? கடவுச்சொல் மறந்துபோனதற்காக ஃபார்மட் அடித்தவர்களுக்கு?

என் தாய்மொழிக்காரர்களிடமும் ஒரு சண்டை இருக்கிறது. பாஸில் தமிழ் உண்டு, பட்டியல்கள் தமிழில் வரும், விசைப்பலகையும் உண்டு. தமிழ்க் கணிமைக்காக வருடக்கணக்கில் சம்பளமில்லாமல் உழைத்தவர்களால் வந்தது அது, கும்பிட வேண்டிய வேலை. ஆனால் அந்தத் தமிழ் எப்போது கண்ணில் படுகிறது? எல்லாம் நன்றாக ஓடும்போது. கெட்டுப்போகும் கணத்தில் முதலில் காணாமல் போவது தமிழ். லினக்ஸின் வெற்று எழுத்துத் திரையில் அதிகபட்சம் 512 எழுத்து வடிவங்களுக்குத்தான் இடம். கொம்பை எழுத்துக்கு முன்னால் நகர்த்திப் போடும் வேலையெல்லாம் அதற்குத் தெரியாது. ஆகவே அவசரத்தில் அது ஆங்கிலம்தான் பேசும். அதைச் சட்டென்று மாற்ற முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஒரு தாளில் அச்சடித்து, இந்த ஆங்கில வரி வந்தால் இன்ன அர்த்தம், இன்னதைச் செய், இன்னதைச் செய்யாதே என்று பதினைந்து வரித் தமிழில் பெட்டியோடு வைத்திருக்கலாமே. பெட்டியின் மேலே தலைவர்களின் படம் அச்சடிக்க இடம் இருந்தது.

தமிழே தமிழனை வெளியே நிறுத்தும் இடமும் உண்டு. தங்கச்சியின் தோழி ஒருத்தி, கடவுச்சொல் சரியாகத்தான் அடிக்கிறேன், உள்ளே விடமாட்டேங்குது என்று அழுதாள். விசைப்பலகை தமிழ்99இல் நின்றிருந்தது. லாகின் திரையில் எல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரியுமே தவிர, உள்ளே விழுவது அகரமா ஆங்கிலமா என்று தெரியாது. மூலையில் பொடியாக ஒரு அடையாளம் இருக்கும், அதைப் பார்க்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அரசு 1999இல் தரப்படுத்திய விசைப்பலகை. இருபது வருடம் கழித்தும் அதைப் பயன்படுத்துகிறவருக்கு வரக்கூடிய முதல் சிக்கல் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. இன்னொரு வகையும் உண்டு: கடவுச்சொல்லை ஏற்றுக்கொள்ளும், திரை ஒரு நொடி இருண்டு மறுபடி அதே வாசலில் கொண்டுவந்து நிறுத்தும். பெரும்பாலும் வட்டு நிரம்பியிருக்கும், ஓரிரு கோப்புகளை அழித்தால் போதும். இதற்கும் ஃபார்மட் அடித்திருக்கிறார்கள்.

“பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் சொல்லித் தர முடியுமா?” என்பார்கள். பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். கேரளத்தில் 2001இல் ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கினார்கள். கட்டற்ற மென்பொருளுக்கு மாறி, உபுண்டுவின் மேல் தங்கள் பள்ளிகளுக்கென்று ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். அது பெரிய விஷயமில்லை, நாமும்தான் கட்டினோம். அவர்கள் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார்கள், அந்த ஆசிரியர்களைக் கொண்டே மற்ற ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார்கள். 2018இல் லிட்டில் கைட்ஸ் என்று பள்ளிக்குப் பள்ளி மாணவர் குழு வைத்தார்கள். பெட்டி நின்றுபோனால் அதன் பக்கத்தில் ஒரு ஆள் இருக்கிறார். நாம் ஆளுக்கொரு பெட்டி கொடுத்தோம், பெட்டிக்கொரு ஆளைத் தரவில்லை. தாராள மனசில் அவர்களைவிட நாம் பெரியவர்கள், மறுக்கவில்லை.

எனக்குத் தெரிந்து இந்தப் பக்கத்தில் அந்த வேலையைச் செய்கிறவர்கள் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு போன்ற தன்னார்வலர்கள்தான், விடுமுறை நாளில் கிராமத்துப் பிள்ளைகளை உட்கார வைத்து. அரசுத் திட்டத்தின் ஓட்டையை ஞாயிற்றுக்கிழமைகளால் அடைக்கிறார்கள்.

இன்னொரு பேச்சு உண்டு: இனிமேல் யார் இதையெல்லாம் பார்க்கப் போகிறார்கள், எல்லாம் பெரிய கம்பெனிகள் பார்த்துக்கொள்ளும் என்று. 2024 ஜூலை 19 அன்று க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒரு பிழையான புதுப்பிப்பை அனுப்பியது. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன, எழுந்து எழுந்து விழுந்தன. இந்திய விமான நிலையங்களில் கையால் எழுதிய அனுமதிச் சீட்டு கொடுத்தார்கள். தீர்வு என்ன தெரியுமா? பாதுகாப்பு முறையில் திறந்து, ஒரே ஒரு கோப்பை அழித்து, மறுபடி தொடங்குவது. ஏராளமான இடங்களில் அதை ஒரு மனிதர் பெட்டிக்குப் பெட்டி போய்க் கையால் செய்ய வேண்டியிருந்தது. உலகத்தின் பெரிய கம்பெனிகளுக்கும் அன்றைக்குத் தேவைப்பட்டது, கறுப்புத் திரையைப் பார்த்துப் பயப்படாத ஒரு ஆள்.

2025 மார்ச் பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கருவிகள் என்று அறிவித்தார்கள். கொடுக்கட்டும், வேண்டும். எங்கள் தெருவின் முதல் பட்டதாரிப் பெண்கள் அந்தப் பழைய பெட்டியில் தட்டித்தான் மேலே வந்தார்கள். ஆனால் இருபது லட்சமும் ஒரு நாள் கறுப்புத் திரையில் நிற்கும். அன்றைக்கு அதன் எதிரே இருக்கும் பிள்ளைக்கு நாம் கொடுத்திருப்பது என்ன? ஒரு பென் டிரைவ், ஒரு தாள், தாலுகாவுக்கு ஒரு பயிற்சி பெற்ற ஆள். கருவிகளின் விலையில் இது தூசு. கணினிப் பாடப்புத்தகத்தில் ஒரு காலத்தில் ஸ்டார் ஆஃபிஸ் சொல்லிக் கொடுத்தோம், 2018க்குப் பிறகு உபுண்டு, பைத்தான் எல்லாம் வந்துவிட்டன, சந்தோஷம். எழாத பெட்டியை எழுப்புவது எப்படி என்று நாலு பக்கம் சேர்க்கலாம். செய்முறைத் தேர்வில் வேண்டுமென்றே கெடுத்து வைத்த ஒரு பெட்டியைக் கொடுத்துப் பத்து மதிப்பெண் போடலாம். மதிப்பெண் இருந்தால் நம் ஊரில் எதையும் படிப்பார்கள்.

தங்கச்சி இப்போது வந்தவாசிப் பக்கம் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள். அந்தப் பழைய பெட்டியில் நான் போட்டுக் கொடுத்த டெபியன் இன்னும் ஓடுகிறது. போன ஐப்பசி மழையில், கரண்ட் போய்ப் போய் வந்த ஒரு ராத்திரி, போன் அடித்தாள்.

“ணா, இனிட்ராம்எஃப்எஸ்னு போட்டு நிக்குது. மேல எஸ்டிஏ ரெண்டுல ஏதோ தப்பு, கையால ஓட்டுன்னு சொல்லுது. நான் எதையும் தொடல.”

“நல்ல வேலை பண்ணே. எஃப்எஸ்சிகேன்னு அடி. இடம் விடு. அந்த எஸ்டிஏ ரெண்டை முழுசா அடி. என்டர்.”

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

“சரி பண்ணட்டுமான்னு கேக்குதுணா. ஒய் அடிச்சேன். மறுபடி கேக்குது. மறுபடி ஒய். எத்தன வாட்டிணா இது கேக்கும்?”

“அது கேக்கிற வரைக்கும் அடிச்சிக்கினே இரு.”